பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, மீட்கப்போவது யார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்காவது ஒரு மருத்துவமனையோ அரசு அலுவலகமோ ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்) தாக்குதலில் முடங்கினால், மறுநாள் நாளிதழ்களில் அந்தச் செய்தியோடு ஒரு பெட்டிச் செய்தியும் வரும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், ஆன்டிவைரஸ் போடுங்கள், பேக்கப் எடுத்து வையுங்கள் என்று நான்கு வரி. முதல் மூன்றும் வீட்டுக் கணினிக்குப் போதும். ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றுவது நான்காவது வரிதான், ஆனால் எந்த மென்பொருளில் எடுப்பது, எங்கே வைப்பது, எத்தனை நாள் பழையதை விட்டுவைப்பது, நாளைக்கு அதைத் திரும்ப எடுக்கப்போவது யார் என்று அந்தப் பெட்டியில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. அச்சகம், ஆய்வகம், பள்ளி அலுவலகம் போன்ற சிறிய இடங்களின் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடமில்லை என்றால் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தை எழுதுகிறவரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பல அலுவலகங்களில் பேக்கப் என்ற பெயரில் நடப்பது, ராத்திரி 11 மணிக்கு சர்வரில் உள்ளதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. நேற்றைய நகலின் மேலேயே இன்றைய நகல் போய் உட்காரும். டிஸ்க் செத்துப்போனால் இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பிரிவில் ஒருவர் திங்கட்கிழமை ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்து, அது வியாழக்கிழமைதான் கவனத்துக்கு வந்தது என்றால், அதற்குள் அந்த அழிப்பும் ஒழுங்காக நகலாகிப் போயிருக்கும். ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளும் அதே மாதிரி நல்ல கோப்புகளின் மேல் ஏறிவிடும். அதனால்தான் ஸ்னாப்ஷாட் முறை வேண்டும் என்கிறோம். நேற்று இருந்த நிலை, போன வாரம் இருந்த நிலை, போன மாதம் இருந்த நிலை என ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்று இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நாட்கணக்கில் எல்லாமே பேப்பரில் எழுதித்தான் நடந்தது. ஆனாலும் தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் என்ற மருத்துவமனை மென்பொருளின் தகவல்கள் புதிய சர்வர்களில் திரும்ப ஏறின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் லங்கா அரசு கிளவுட் தாக்கப்பட்டபோது சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. சிஸ்டத்தைச் சீக்கிரமே எழுப்பிவிட்டார்கள், ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்குப் பேக்கப் இல்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரசுக் கடிதப் போக்குவரத்து போனது போனதுதான். இரண்டு இடத்திலும் தாக்கியவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்ததைத் தீர்மானித்தது, கைக்கெட்டாத இடத்தில் ஒரு நகல் இருந்ததா, அது எந்தத் தேதி வரை இருந்தது என்பதுதான்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். லினக்ஸில் இதற்கு இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, எல்லாமே நல்லவைதான். எது சிறந்தது என்று கேட்டால் வேகத்தையும் டிஸ்க் இடத்தையும் ஒப்பிட்டுத்தான் எல்லோரும் பதில் சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. சர்வர் விழுந்த அன்று, இதை அமைத்துக் கொடுத்தவர் ஊரில் இல்லாவிட்டால், அந்த அலுவலகத்தில் இருக்கிற ஒருவரால் நேற்றைய கோப்பை எடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் தரும் கருவியிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் அடுத்து.

அந்தக் கணக்கில் சிறிய அலுவலகக் கோப்பு சர்வருக்கு நான் முதலில் வைப்பது ஆர்ஸ்நாப்ஷாட். 20 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் பெர்ல் மொழி நிரல். உள்ளே உழைப்பது மாறியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க், ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் ஆஸ்திரேலியாவில் எழுதி 1996இல் வெளியிட்ட அதே கருவி. ஆர்ஸ்நாப்ஷாட் செய்யும் தந்திரம் ஹார்ட் லிங்க். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இரண்டு பெயர் இருந்தாலும் பிள்ளை ஒன்றுதானே, அது போல டிஸ்க்கில் ஒரே ஒரு முறை இருக்கும் கோப்புக்கு இன்றைய ஃபோல்டரில் ஒரு பெயர், நேற்றைய ஃபோல்டரில் ஒரு பெயர். மாறாத கோப்புகள் இடமே எடுக்காது, மாறியவை மட்டும் புதிதாக இறங்கும். 200 ஜிபி கோப்புகள், தினமும் 1 ஜிபி மாறுகிறது என்றால் 30 நாள் ஸ்னாப்ஷாட்டுக்குச் சுமார் 230 ஜிபி போதும். முழு நகலாக எடுத்தால் 6,000 ஜிபி ஆகும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இடச் சேமிப்பு அல்ல. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் சாதாரண ஃபோல்டர். உள்ளே சாதாரணக் கோப்புகள். திறக்க எந்த மென்பொருளும் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், கட்டளை மனப்பாடம் வேண்டாம். அந்த ஃபோல்டரை சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் நிரல்) வழியாகப் படிக்க மட்டும் உரிமை கொடுத்து உரியவர்களுக்குத் திறந்துவிட்டால், கணக்காளரே தன் விண்டோஸ் கணினியிலிருந்து ‘மூன்று நாள் முன்பு’ ஃபோல்டருக்குள் போய்த் தன் எக்செல் கோப்பை எடுத்துக்கொள்வார். படிக்க மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஹார்ட் லிங்க் என்பதால் ஒரு ஸ்னாப்ஷாட்டுக்குள் போய் யாராவது கோப்பை அங்கேயே திருத்திவிட்டால், அதைப் பகிரும் எல்லா நாட்களிலும் அது திருத்தப்பட்டுவிடும்.

அமைப்பதில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். அமைப்புகளை எழுதும் கன்ஃபிக் கோப்பில் சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் செல்லாது, டேப் மட்டும்தான். இதைச் சோதித்துச் சொல்ல அதிலேயே ஒரு கட்டளை உண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள். இன்னொன்று, தினசரி, வாராந்திரம், மாதாந்திரம் என்று அடுக்கு வைத்தால் உண்மையில் சர்வருக்குப் போய் நகலெடுப்பது மிகக் கீழ் அடுக்கு மட்டும்தான், மேலே உள்ளவை பழைய ஸ்னாப்ஷாட்டைப் பெயர் மாற்றி நகர்த்துபவை. ஆகவே குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் பெரிய அடுக்கை முதலிலும் சின்ன அடுக்கை அதற்குக் கொஞ்சம் பிறகும் ஓடவிட வேண்டும்.

அப்புறம் திசை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கருவியைவிட முக்கியம் என்பேன். சர்வரே பேக்கப் பெட்டிக்கு, அதாவது பேக்கப் வைக்கும் தனிக் கணினிக்கு, நகலைத் தள்ளுகிறதா, பேக்கப் பெட்டி வந்து இழுத்துக்கொள்கிறதா? தள்ளுவது என்றால் சர்வரில் பேக்கப் பெட்டிக்குள் நுழையும் சாவி (பாஸ்வேர்ட் போன்றது) இருக்கிறது என்று அர்த்தம், சர்வருக்குள் நுழைந்தவன் அந்தச் சாவியோடு பேக்கப்பையும் அழித்துவிட்டுத்தான் பணம் கேட்பான். ஆர்ஸ்நாப்ஷாட்டை பேக்கப் பெட்டியில் நிறுவி எஸ்எஸ்ஹெச் (கணினிகளுக்கு இடையிலான பாதுகாப்பான இணைப்பு) வழியாக இழுக்கவிட்டால், சர்வருக்குப் பேக்கப் பெட்டிக்குள் வர வழியே இருக்காது. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும், பேக்கப் பெட்டி கெட்டால் சர்வர் கெடக்கூடாது. அதற்கு ஆர்சிங்க்குடன் வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சிறு ஸ்கிரிப்டை வைத்து, பேக்கப் பெட்டியிடம் இருக்கும் சர்வரின் சாவியைக் குறிப்பிட்ட ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று கட்டிவிடலாம். ரான்சம்வேர் ஏற்கெனவே பூட்டிய கோப்புகள் அடுத்த இரவு இழுக்கப்பட்டு வரத்தான் செய்யும், ஆனால் முந்தைய நாட்கள் அப்படியே இருக்கும். எல்லாக் கோப்பும் ஒரே இரவில் மாறியதால் பேக்கப் டிஸ்க் திடீரென்று வீங்கும், அதுவே ஒரு எச்சரிக்கை. உள்ளே நுழைந்தவன் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் காத்திருப்பதும் உண்டு என்பதால் ஏழு நாள் மட்டும் வைத்தால் போதாது, மாத ஸ்னாப்ஷாட் குறைந்தது ஆறு வேண்டும்.

ஆர்ஸ்நாப்ஷாட் எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் கண்ணில் கோப்பு என்பது பிரிக்க முடியாத ஒன்று. 40 ஜிபி மெய்நிகர் கணினிக் கோப்பில் (ஒரு முழுக் கணினியின் டிஸ்க்கையே அடக்கிய ஒரே கோப்பு) ஒரு எழுத்து மாறினாலும் 40 ஜிபி முழுவதும் புதிதாக இடம் பிடிக்கும், 30 நாளில் 1,200 ஜிபி. ஃபோல்டர் பெயரை மாற்றினால் உள்ளே உள்ள எல்லாமே புதிய கோப்பாகத் தெரியும். சுருக்குவது கிடையாது, பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது (என்கிரிப்ஷன்) கிடையாது. பல லட்சம் குட்டிக் கோப்புகள் இருக்கும் மெயில் சர்வரில் பழைய ஸ்னாப்ஷாட்டை அழிக்கவே மணிக்கணக்காகும்.

அப்படிப்பட்ட இடங்களுக்குப் போர்க், ரெஸ்டிக் என்ற இரண்டு கருவிகள். இரண்டும் கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒரு முறை மட்டும் வைக்கும். அந்த 40 ஜிபி கோப்பில் மாறிய துண்டுகள் மட்டும்தான் போகும். போர்க் 2015இல் அட்டிக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது, சுருக்குவதில் கெட்டி, மறுமுனையில் எஸ்எஸ்ஹெச் வசதியோடு போர்க்கும் நிறுவியிருந்தால் அருமையாக ஓடும். ரெஸ்டிக் கோ மொழியில் எழுதிய ஒரே ஒரு நிரல் கோப்பு, நிறுவ வேறொன்றும் தேவையில்லை, கிளவுட் சேமிப்பகங்களோடு நேரடியாகப் பேசும். சுருக்கும் வசதி 2022இல் வந்த 0.14 பதிப்பில்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய பதிப்பைத் தரும் பழைய லினக்ஸ் வெளியீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆர்டிஃப் பேக்கப் என்று இன்னொன்றும் உண்டு. கடைசி நகலைச் சாதாரணக் கோப்பாகவும் பழையவற்றை, இடையில் மாறிய பகுதிகளாக மட்டும் வைக்கும், நல்ல யோசனை. ஆனால் 2020இல் பதிப்பு 2.0 வந்தபோது இரு முனைகளிலும் ஒன்றாக மாற்றாதவர்களுக்கு இணைப்பு வேலை செய்யவில்லை, ஏனென்றால் பழைய 1.2 பதிப்போடு அது பேசாது.

போர்க்கும் ரெஸ்டிக்கும் இயல்பில் தள்ளும் வகை. எனவே நான் சொன்ன சாவிப் பிரச்சினை வரும். போர்க்கில் மறுமுனையில் ‘சேர்க்க மட்டும்’ என்று கட்டுப்படுத்தலாம், ரெஸ்டிக்குக்கு அதன் துணை நிரலான ரெஸ்ட் சர்வரிலும் அதே வசதி உண்டு. இதைப் போடாமல் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். போர்க் 1.2 முதல் பழையதை நீக்கினால் மட்டும் டிஸ்க் காலியாகாது, ‘காம்பாக்ட்’ என்ற கட்டளையையும் தனியாக ஓட்ட வேண்டும். இது தெரியாமல் டிஸ்க் நிறைந்து பேக்கப் நின்றுபோன இடங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாஸ்ஃபிரேஸ், அதாவது பூட்டைத் திறக்கும் நீண்ட பாஸ்வேர்ட். ரெஸ்டிக்கில் பூட்டாமல் வைக்க முடியாது, போர்க்கிலும் பூட்டித்தான் வைப்போம், அந்தப் பாஸ்ஃபிரேஸ் சர்வரின் ஸ்கிரிப்டில் மட்டும் இருந்து சர்வரே எரிந்துபோனால் பேக்கப் முழுசாக இருந்தும் ஒரு பைட்கூடக் கிடைக்காது. தாளில் அச்சிட்டு நிறுவன உரிமையாளரின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், எல்விஎம் என்று லினக்ஸில் டிஸ்க்கை நிர்வகிக்கும் அடுக்கிலேயே ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, இந்தக் கருவிகள் எதற்கு என்று கேட்பார்கள். கண நேரத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், உண்மையிலேயே அழகான வசதி. ஆனால் அது அதே டிஸ்க்கில் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் போகும். பழைய வகை எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாமல் போய்விடும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் ஸ்னாப்ஷாட்டை வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதி உண்டு, அதைச் செய்தால்தான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வேன். அதே சமயம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து நகலெடுக்க இவை பெரிய துணை. ஸ்னாப்ஷாட் எடுத்து, அசையாமல் நிற்கும் அதிலிருந்து ஆர்ஸ்நாப்ஷாட்டோ போர்க்கோ நகலெடுக்கும். டைம்ஷிஃப்ட் பற்றியும் கேட்கிறார்கள். அது டெஸ்க்டாப் சிஸ்டம் கோப்புகளை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகச் செய்தது, பயனர் ஃபோல்டர்களைத் தானாக எடுக்காது, சர்வர் பேக்கப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

டேட்டாபேஸ் விஷயத்தில் எந்தக் கருவியாக இருந்தாலும் ஒரே விதி. மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை நகலெடுத்தால் பாதி இந்த நிமிடம், பாதி அடுத்த நிமிடம் என்று வந்து நிற்கும், மீட்டால் எழாமல் போகலாம். முதலில் அதற்குரிய டம்ப் கட்டளையால் தகவல் முழுவதையும் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, அந்த டம்ப்பைத்தான் பேக்கப் செய்ய வேண்டும். ஆர்ஸ்நாப்ஷாட்டில் இதற்கென்றே ஸ்கிரிப்ட் இணைக்கும் வசதி இருக்கிறது. டேலி தகவல்களை சாம்பா சர்வரில் வைத்திருக்கும் அலுவலகங்களும் எல்லோரும் மூடிவிட்டுப் போன பிறகு ஓடும்படி நேரம் வையுங்கள்.

இதெல்லாம் எதற்கு, நானே நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் அங்குள்ள சூப்பர்கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டை அதை வழங்கிய நிறுவனம் திருத்தியது. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதினார்கள். பழைய லாக் கோப்புகளை (கணினி தானாக எழுதும் நிகழ்வுக் குறிப்புகள்) மட்டும் அழிக்க வேண்டிய வரி, ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அழித்தது. 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள். அழிக்கும் கட்டளை உள்ள எதையும் பல்லாயிரம் பேர் பல ஆண்டு ஓட்டிப் பார்த்த கருவியிடம் விட்டுவிடுவது நல்லது.

வெளியூர் நகல் பற்றி. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் தரைத்தளத்தை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அதே அறையில் சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். கிளவுடில்தானே இருக்கிறது என்பதும் பதில் ஆகாது, 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் முழுவதும் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே அலுவலகத்தில் இழுக்கும் ஆர்ஸ்நாப்ஷாட், வேறு ஊரில் பூட்டிய ரெஸ்டிக் அல்லது போர்க் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் என் வழக்கம். வெளியூர் என்றதும் வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் சேமிப்பகத்துக்குப் போய்விட வேண்டாம். கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மின்னணு முறையில் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும். முன்பு ‘அவ்வப்போது’ என்று இருந்ததைத் தினசரி ஆக்கிவிட்டார்கள். உங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும், சர்வர் பார்க்கிறவருக்கும் தெரியட்டும்.

கடைசியாக மீட்டுப் பார்ப்பது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார், சுமார் 300 ஜிபி. அவர்களிடம் பேக்கப்புக்கும் நகலுக்கும் ஐந்து வழிகள் இருந்தன. டம்ப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு, அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் அஞ்சல்கள் டிமார்க் என்ற போலி அஞ்சல் தடுப்புச் சோதனையில் தள்ளப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. டம்ப் இருக்க வேண்டிய கிளவுட் இடம் காலி. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அந்த நிறுவனமே முழுவதும் எழுதி வெளியிட்டதற்கு இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும். பேக்கப் தோற்றால் அஞ்சல் வரும் என்று இருக்காமல், வெற்றி பெற்றதாகத் தினமும் தகவல் வர வேண்டும், வராத நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லா இடத்திலும் வைத்திருப்பது இதைப் படித்த பிறகுதான்.

லினக்ஸ் பக்கமே போகாத உரிமையாளர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வருக்கு ஏஎம்சி புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் சொல்லும் தேதியிலிருந்து நாங்கள் சொல்லும் ஒரு கோப்பையும், ஒரு டேட்டாபேஸையும், எங்கள் முன்னால் வேறொரு கணினியில் மீட்டுக் காட்ட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இதற்குத் தயங்கும் பராமரிப்பாளரிடம் என்ன மென்பொருள் போட்டிருக்கிறார் என்று கேட்கவே வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை அந்த நான்கு வரிப் பெட்டியைப் போடும்போது இந்த வரியையும் ஐந்தாவதாகச் சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
திருச்சி